மண்ணைக் கழுவிய டீச்சர்

பள்ளிக்கூடக் கேட்டை உள்ளேயிருந்து பூட்டியிருந்தார்கள். இத்தனை வருஷமாக அங்கே கணக்கு நடத்துகிறேன், காலை நேரத்தில் அந்தக் கேட்டு பூட்டிக் கிடந்து பார்த்ததில்லை. வெளியே ஏழெட்டு ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்கள். வாட்ச்மேன் என்னை மட்டும் உள்ளே விட்டுவிட்டு, "ஹெச்.எம். உங்களை உடனே வரச் சொன்னாரு, ஜெயசித்ரா டீச்சர். எப்சிபா டீச்சர் மேல பிராது" என்றார்.

என்ன பிராது என்று எனக்குத் தெரியும். முந்தின நாள் சாயங்காலமே ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் வந்துவிட்டது. 'அம்மன் புற்றுமண்ணைச் சாக்கடையில் கழுவிவிட்ட வேதக்கார டீச்சர்.' கோயிலில் ஆடித் தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறியிருந்த வாரம் அது. சங்கரன்கோவிலில் அந்த வாரத்தில் இப்படி ஒரு வரி போதும், பலசரக்குக் கடையிலிருந்து பூ மார்க்கெட் வரைக்கும் அதே பேச்சாகிவிடும்.

நான் நேராக ஸ்டாஃப் ரூமுக்குத்தான் போனேன். எப்சிபா தனியாக உட்கார்ந்து எட்டாம் வகுப்பு அறிவியல் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள். நாசரேத் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண், எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்து ரொம்ப நாளாகவில்லை. நான் வந்து நின்றும் பேனாவைக் கீழே வைக்கவில்லை. எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

"ஏ எப்சி, ஊரே வாசல்ல நிக்கு. நீ மார்க் போட்டுக்கிட்டு இருக்கியா?"

"வேற என்ன செய்யச் சொல்லுதீங்க அக்கா?" என்றாள். அப்போதுதான் அவள் அழுது முடித்திருப்பது தெரிந்தது.

முந்தின நாள் வகுப்பில் நடந்ததை அவள் சொன்னாள். கொதிநிலை பற்றிய பாடம். முக்காலி மேல் பீக்கர், கீழே ஸ்பிரிட் விளக்கு. உதவிக்குச் சங்கரேஸ்வரியைக் கூப்பிட்டிருக்கிறாள். அந்தப் பிள்ளையின் நிஜப் பெயர் அது இல்லை, அவள் வீட்டார் பெயரையும் ஊரையும் சேர்த்து நான்தான் மாற்றிச் சொல்கிறேன். பனவடலிசத்திரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள், நல்ல கெட்டிக்காரி. அவள் இடது முன்கையில் பொங்கலிலிருந்தே புற்றுமண் பூச்சு இருந்தது. தேமல் என்று வீட்டில் நினைத்திருந்தார்கள். தோலில் எது வந்தாலும் கோயில் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசுவது எங்கள் ஊர் வழக்கம். நானும் பூசுகிறவள்தான், என் வீட்டுச் சாமி அலமாரியில் எப்போதும் ஒரு உருண்டை இருக்கும். மண் பூசிய கையை இங்கே யாரும் இரண்டாம் தரம் பார்க்க மாட்டார்கள். அம்மன் பார்த்துக்கொள்கிறாள் என்று நாங்கள் எங்கள் ஜோலியைப் பார்க்கப் போய்விடுவோம்.

தெர்மாமீட்டரைப் படிக்கக் குனிந்த பிள்ளை, அந்த முன்கையைச் சூடேறிய முக்காலியின் விளிம்பில் ஊன்றியிருக்கிறாள். ஊன்றியபடியே, "எண்பத்திரெண்டு டீச்சர், எண்பத்தினாலு டீச்சர்" என்று சத்தமாக வாசித்துக்கொண்டிருந்திருக்கிறாள். தீய்ந்த வாடை மூக்கில் ஏறிய பிறகுதான் எப்சிபா கையைப் பார்த்திருக்கிறாள். பதறிப்போய் இழுத்தால், அந்தப் பிள்ளை நிமிர்ந்து, "ஏன் டீச்சர்?" என்று கேட்டிருக்கிறது.

குழாயடிக்குக் கூட்டிப்போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டிருக்கிறாள். சுட்ட கைக்கு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். மண் கரைந்து வாய்க்காலில் ஓடிவிட்டது. அடியில் கொப்புளம். கொப்புளத்தைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு வெளிறிய தோல்.

வகுப்பு முழுக்க ஜன்னல் வழியாக இதைப் பார்த்துக்கொண்டிருந்தது. பின்வரிசையில் ஒருத்தி, "டீச்சர், புத்துமண்ணு பூசினா சரியாவாதா?" என்று கேட்டிருக்கிறாள். எப்சிபா, "சாமி காரியம் அவங்கவங்க வீட்டுக் காரியம் மக்கா. அதை நான் கிளாஸ்ல கூட்டியும் சொல்ல மாட்டேன், குறைச்சும் சொல்ல மாட்டேன். ஆனா இந்தக் கையை ஒரு டாக்டர் பாக்கணும்" என்றிருக்கிறாள்.

அந்தப் பதில் நான் சொல்லிக்கொடுத்தது. கோடை விடுமுறையில் வட்டார வள மையத்தில் ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. வகுப்பறையில் மதம் பற்றிப் பேச்சு வந்தால் டீச்சர் எந்தப் பக்கமும் சாயாமல் நிற்பது எப்படி என்று. அதற்கு நான்தான் கருத்தாளர். உங்கள் நம்பிக்கையைச் சொல்லாதீர்கள், பிள்ளையின் நம்பிக்கையைத் தொடாதீர்கள், அதற்காகக் கேள்வியை விட்டு ஓடவும் செய்யாதீர்கள் என்று திரையில் படம் படமாகப் போட்டுக் காட்டினேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பாதிப் பேர் தூங்கினார்கள். எப்சிபா ஒருத்திதான் கையைத் தூக்கி, "கேள்வி ஒரு பிள்ளையோட உடம்பைப் பத்தி வந்தா என்ன செய்ய?" என்று கேட்டாள். நல்ல கேள்வி, டீ குடித்துவிட்டு வந்து பேசுவோம் என்றேன். டீ குடித்தோம், பேசவில்லை.

அவள் சொன்ன அந்தப் பதில் பஸ் ஸ்டாண்டு போய்ச் சேர்வதற்குள், 'மண்ணுல ஒண்ணுமில்லைன்னு டீச்சர் சொல்லிட்டா' என்று ஆகியிருந்தது.

"இதுக்குப் போயா அழுதுக்கிட்டு இருக்க? கை சுட்டுட்டு, கழுவினேன்னு சொல்லு. முடிஞ்சுது" என்றேன்.

"சுட்டுதுன்னா பிள்ளை ஏன் கத்தலைன்னு கேப்பாங்கள்லா அக்கா?" அவள் குரலைத் தாழ்த்தினாள். "அந்த இடத்துல அவளுக்கு உணர்ச்சியே இல்ல. சூடே தெரியல." பிறகு அந்த நோயின் பெயரைச் சொன்னாள், எனக்கு மட்டும் கேட்கும்படி. நான் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

"சந்தேகந்தான். டாக்டர்தான் சொல்லணும். இப்பப் போனா மாத்திரையிலேயே நின்னுரும், விட்டா விரல் மடங்கிப்போகும். நேத்தே அவ அப்பாவுக்குப் போன் போட்டு, தனியா பேசணும்னேன். அதுக்குள்ள அவருக்குச் சேதி போயிட்டு. கோவத்துல வச்சிட்டாரு."

"அப்ப இதை ஹெச்.எம். ரூம்ல போட்டு உடை. வாயை மூடிக்கிட்டுப் போவானுவ."

"அத்தனை பேரு முன்னால அந்தப் பேரைச் சொன்னா, நாளைக்கு அந்தப் பிள்ளை எந்த பெஞ்சுல போயி உக்காரும் அக்கா? யாரு பக்கத்துல உக்காரும்?" என்றாள். "நீங்களும் சொல்லக்கூடாது. சத்தியம் பண்ணுங்க."

பண்ணினேன். பண்ணிவிட்டு எரிச்சலோடு அவள் பின்னாலேயே போனேன்.

ஹெச்.எம். மகாராஜன் சார் அறையில் விசிறி முழு வேகத்தில் சுற்றியும் அவருக்கு வேர்த்துக்கொண்டிருந்தது. நல்ல மனுஷர், ஆனால் சத்தம் கேட்டாலே காலில் விழுந்துவிடலாமா என்று யோசிக்கிற ரகம். எதிரே நாற்காலி காலியாகக் கிடக்க, உட்காராமல் நின்றார் கருத்தப்பாண்டி, சங்கரேஸ்வரியின் அப்பா. கொஞ்சம் ஆடும் மானாவாரி நிலமும் வைத்துப் பிழைக்கிறவர். பக்கத்தில் பிள்ளை, இடது கையைத் துண்டால் சுற்றியிருந்தார்கள். அவருக்குப் பின்னால் மூன்று பேர், அதில் முன்னால் நின்றவன் சங்கரசுப்பு. பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை, பிள்ளைக்குச் சித்தப்பா முறை. ஊரில் எங்கே சண்டை என்றாலும் போனை நீட்டிக்கொண்டு முதல் ஆளாக வந்து நிற்பான். அன்றைக்கும் நீட்டிக்கொண்டுதான் நின்றான்.

"போனை உள்ள வைங்க தம்பி, இது ஸ்கூல்" என்றேன்.

"ஊருக்குத் தெரியணும்லா டீச்சர்" என்றான், கையை இறக்காமல்.

கருத்தப்பாண்டி எப்சிபாவைப் பார்த்துப் பேசினார். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"தபசு வரைக்கும் மண்ணைத் தவிர வேற மருந்து தொட மாட்டேன், பொறவு வெள்ளியில கை செஞ்சு போடுதேன்னு அம்மனுக்கு நேந்திருக்கேன் டீச்சர். அதை என்னத்துக்குக் கழுவினீக?"

"சூடு பட்டுட்டு. அதான் தண்ணி ஊத்தினேன்."

"சூடு பட்டா பிள்ளை சொல்லியிருக்கும்லா? அவ வலிக்கவே இல்லைங்கா. வலிக்காத கையை என்னத்துக்குக் கழுவினீக?"

நான் சேலை முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வலிக்கவில்லை என்பதுதான் விஷயமே என்று அந்த மனிதரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது.

"உங்ககிட்டயும் பிள்ளைகிட்டயும் மட்டும் ஒரு அஞ்சு நிமிஷம் தனியா பேசணும்" என்றாள் எப்சிபா.

"தனியா கூட்டிட்டுப் போயி ஜெபம் பண்ணவா?" என்றான் சங்கரசுப்பு. பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். "சுத்தி வளைக்காதீங்க டீச்சரம்மா. மண்ணுக்குச் சக்தி உண்டுமா, இல்லையா? ஒரே வார்த்தை."

"சொல்லிருங்க டீச்சர், ஒரு வார்த்தைதான" என்று மகாராஜன் சார் கெஞ்சினார்.

"உண்டுன்னாலும் தப்பு சார், இல்லைன்னாலும் தப்பு. நான் இங்க டீச்சரா நிக்கேன்."

"அப்ப நம்பிக்கை இல்ல. பாத்துக்கிடுங்க மக்களே" என்று சங்கரசுப்பு போனைப் பார்த்துச் சொன்னான்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏ, நிறுத்துய்யா. போன பரீட்சைக்கு இவ சர்ச்சுக்காரம்மா ஒருத்தி ஜெப எண்ணெயைக் கொண்டுவந்து, என் மகன் நெத்தியில தடவிவிடுங்கன்னா. ஸ்கூல்ல வச்சுத் தடவ மாட்டேன்னுட்டா இவ. அந்தம்மா இன்னைக்கு வரைக்கும் இவகிட்ட முகம் குடுத்துப் பேசுறதில்ல. அப்ப உன் போன் எங்க போயிருந்துச்சு?"

"அது அவுக வீட்டுச் சண்டை. இது எங்க அம்மன்."

"எனக்கும் அம்மன்தான்யா" என்றேன். அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வெளியே கேட்டைப் பிடித்து யாரோ உலுக்கும் சத்தம் கேட்டது. மகாராஜன் சார் எழுந்து ஜன்னலைச் சாத்தினார். சங்கரசுப்பு சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மேஜை மேல் வைத்துப் பிரித்தான். புற்றுமண்.

"காலையில கோயில்ல எடுத்தது. டீச்சரம்மா தன் கையால பிள்ளைக்குப் பூசிவிடட்டும். நாங்க போயிருதோம்."

மகாராஜன் சாருக்கு உயிர் வந்துவிட்டது. ஒரு டம்ளர் தண்ணீரை அவரே மேஜைக்கு நகர்த்தினார். நானும் எப்சிபாவின் காதுக்கருகில் போய், "பூசித் தொலை. வேலையைக் காப்பாத்திக்கோ" என்றேன். சொன்னது எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன், பயந்துபோயிருந்தேன்.

கருத்தப்பாண்டி துண்டை அவிழ்த்தார். இரவோடு கொப்புளம் பெருத்து நீர் கோத்திருந்தது. சங்கரேஸ்வரி அதை வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எப்சிபா மண்ணைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். "நான் பூச மாட்டேன்" என்றாள்.

அறையில் ஒரே கூச்சல். நாற்காலி ஒன்று உருண்டது. ஒருவன் மேஜையில் ஓங்கி அடித்ததில் தண்ணீர் டம்ளர் சாய்ந்தது. பிள்ளை மிரண்டு அப்பாவின் பின்னால் ஒதுங்கினாள். நான் என்னை அறியாமல் எப்சிபாவுக்கு முன்னால் போய் நின்றுவிட்டேன். அவள் என் தோளைப் பிடித்து நகர்த்திவிட்டு, கருத்தப்பாண்டியிடம் மட்டும் பேசினாள்.

"அண்ணாச்சி, நான் பூசினா அது நடிப்பு. உங்க அம்மனுக்கும் மரியாதை இல்ல, எனக்கும் மரியாதை இல்ல. நேந்தது நீங்க. நீங்க பூசுங்க. நான் மறிக்க மாட்டேன், இங்கனயே நிக்கேன். கொப்புளத்துல மட்டும் படாமப் பாத்துக்கிடுங்க."

கூச்சல் அடங்கியது. கருத்தப்பாண்டி அவளையே பார்த்தார்.

"பூசும்போது பிள்ளை கண்ணை மூடிக்கிடுவாளா?" என்று அவள் கேட்டாள்.

"கண்ணை மூடிக் கும்பிட்டுக்கிட்டுத்தான் பூசுவோம். எப்பவும் அப்படித்தான்."

"அப்படியே செய்யுங்க. எங்கெங்க பூசுதீங்கன்னு அவ சொல்லிக்கிட்டே வரட்டும். அது ஒண்ணுதான் நான் கேக்குதேன்."

"இது என்ன புதுசா ஒரு கூத்து?" என்றான் சங்கரசுப்பு.

"இருடே" என்றார் கருத்தப்பாண்டி. அவருக்கும் புரியவில்லை. ஆனால் அதில் அம்மனுக்குக் குறைவாக ஒன்றும் இல்லை என்று பட்டிருக்க வேண்டும். மேஜையில் சிந்தியிருந்த தண்ணீரிலேயே மண்ணைக் குழைத்தார்.

சங்கரேஸ்வரி கண்ணை மூடி, வலது கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள். உதடு ஏதோ முணுமுணுத்தது. அவர் முழங்கைப் பக்கம் ஒரு விரல் மண்ணைத் தடவினார்.

"முட்டிகிட்ட" என்றாள்.

மணிக்கட்டில் தடவினார். "மணிக்கட்டு." கட்டைவிரல் அடியில் தடவினார். கூச்சத்தில் சிரித்துக்கொண்டே, "பெருவிரல்" என்றாள்.

பிறகு அந்த வெளிறிய இடத்துக்கு வந்தார். கொப்புளத்தில் படாமல், ஓரமாக, மெதுவாகத் தடவினார். பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு தரம் தடவினார், அகலமாக. ஒன்றும் சொல்லவில்லை. எப்சிபா தலையைக் குனிந்துகொண்டாள். அவர் விரலை அழுத்தினார். நகம் பதிவதை நான் பார்த்தேன். விரல் அந்த இடத்தை விட்டு எடுபடவே இல்லை.

கண்ணை மூடியபடியே சங்கரேஸ்வரி கேட்டாள்: "ஏம்ப்பா நிப்பாட்டிட்ட? பூசுப்பா."

கருத்தப்பாண்டி மகளின் மூடிய கண்ணைப் பார்த்தார், தன் விரலைப் பார்த்தார், பிறகு எப்சிபாவைப் பார்த்தார். ஆடு மேய்க்கிறவர், உயிருள்ள தோல் தொட்டால் சிலிர்க்கும் என்று அவருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. எப்சிபா லேசாகத் தலையை அசைத்தாள்.

"போனை அணைடே" என்றார்.

"அண்ணே, இன்னும் டீச்சர் மன்னிப்பு..."

"அணைடேங்கேன்! எல்லாரும் வெளிய போங்க. பூசியாச்சுல்லா, போங்க."

அவர்கள் போனார்கள். ஜெயித்த சந்தோஷத்தோடுதான் போனார்கள். மகாராஜன் சார் அவர்களைக் கேட்டு வரைக்கும் கொண்டுபோய் விட்டுவர ஓடினார்.

கதவு சாத்தியதும் கருத்தப்பாண்டி நாற்காலியில் உட்கார்ந்தார். "அம்மா வேலைக்குப் போயிருந்தா இவதான் சோறு வடிப்பா. கையில அப்பப்பச் சூட்டுத் தழும்பு கிடக்கும். விளையாட்டுப் பிள்ளைன்னு வைவேன்" என்றார். "கை போயிருமா டீச்சர்?"

"போவாது. ஆனா இன்னைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போகணும். என்னன்னு டாக்டர்தான் சொல்லணும். நான் வேற யார்கிட்டயும் எதுவும் சொல்லல, சொல்லவும் மாட்டேன்."

"நேத்தே என்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா?" என்றவர், தானே நிறுத்திக்கொண்டார். மேஜை மேல் கிடந்த பொட்டலத்தைக் காட்டி, "இந்த மண்ணு?" என்று கேட்டார்.

"புண்ணு மேல வேண்டாம். ஆறுற வரைக்கும் சுத்தமா இருக்கணும். மத்தது உங்க வீட்டுக் காரியம், அதுல நான் வர மாட்டேன்."

அவர் தன் துண்டு நுனியைத் தண்ணீரில் நனைத்து மகளின் கையைத் தானே துடைத்தார். துடைத்த துண்டை உதறவில்லை, மடித்து மடியில் செருகிக்கொண்டார். மேஜையில் மிச்சமிருந்த மண்ணில் கொஞ்சம் தொட்டு அவள் நெற்றியில் பூசினார்.

"தபசு வரைக்கும் ஆஸ்பத்திரி கூடாதுன்னியேப்பா" என்றாள் சங்கரேஸ்வரி.

"அம்மன்கிட்ட நான் சொல்லிக்கிடுதேன். நீ நட தாயி."

நான்தான் ஆட்டோ பிடித்து அவர்களோடு போனேன். எப்சிபா பயந்தது சரியாகவே இருந்தது. நல்லவேளை, நேரத்தோடு கொண்டுவந்தீர்கள் என்றார் டாக்டர். இப்போது பிள்ளை மாத்திரை சாப்பிடுகிறாள், விரல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, எனக்கு முன்னாலேயே கணக்கைப் போட்டு முடித்துவிடுகிறாள். எப்போதும்போல முதல் பெஞ்சில்தான் உட்காருகிறாள். அவள் பக்கத்தில் இடம் பிடிக்க இன்னும் சண்டை நடக்கிறது. கருத்தப்பாண்டி தபசன்று வெள்ளிக் கையைச் செலுத்தினாராம். அது மண்ணுக்கா மாத்திரைக்கா என்று நான் கேட்கவில்லை, எப்சிபாவும் கேட்கவில்லை.

சங்கரசுப்பு அன்று மத்தியானமே வீடியோவைப் போட்டுவிட்டான். 'வேதக்கார டீச்சர் முன்னிலையில் மகளுக்கு அம்மன் மண் பூசிய தகப்பன். தலைகுனிந்த டீச்சர்.' ஊரில் பார்க்காத ஆள் இல்லை. என் நாத்தனார்கூட எனக்கே அனுப்பியிருந்தாள், கும்பிடுகிற கை படத்தோடு. எப்சிபாவை அதில் எத்தனை பேர் என்னென்ன பேசியிருந்தார்கள் என்பதைப் படித்துவிட்டு எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. பதில் எழுதக் கை துறுதுறுத்தது. செய்த சத்தியம் இருந்தது, வாயை மூடிக்கொண்டேன். இந்த மாதிரி எரிச்சலை விழுங்குவது எப்படி என்று என் பயிற்சியில் ஒரு படமும் இல்லை.

அந்த வீடியோவில் சங்கரேஸ்வரியின் குரல் நன்றாகவே கேட்கிறது. "ஏம்ப்பா நிப்பாட்டிட்ட? பூசுப்பா." பிள்ளைக்கு என்ன பக்தி பாருங்கள் என்று அதற்குக் கீழேதான் நிறைய பேர் எழுதியிருந்தார்கள்.